நீ சொன்னால் நிறுத்துவார்

கோவில்பத்து,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் விஷ்ணுப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் கடிதம்.

நீ வக்கீலாக இருக்கும் மூலிகைப் பொடிக் கம்பெனி மேல் எதிர்வீட்டு ஷரீபுன்னிசா நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறாள். கம்பெனிக்காகப் பேச நீயே வருகிறாய் என்று உன் தம்பி சொன்னான். அவள் வீட்டுக்காரர் மதார் சாகிப் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு அந்தப் பொடியைத்தான் குடித்துவந்தார். இப்போது அவருக்கு முழங்காலுக்குக் கீழே வலது கால் இல்லை. பொடியைச் சிபாரிசு செய்தது உன் அப்பா. ஷரீபுன்னிசா எங்களை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வீட்டுக்கு வருவதுதான் நின்றுபோனது.

"மாத்திரை டப்பாவை மறந்துவிடுங்கள்" என்ற விளம்பரத்தைச் சட்டப்படி சரிபார்த்தது நீதான் என்று ஒருநாள் போனில் சொன்னாயே, அன்றிலிருந்து அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் அந்தப் போர்டைக் காட்டி, என் மகள் சரிபார்த்துக் கொடுத்த விளம்பரம் என்று கண்டவரிடமெல்லாம் சொன்னார். மருத்துவர் ஆலோசனைக்கு இது மாற்றல்ல என்று அடியில் எறும்பு மாதிரி ஒரு வரி இருப்பதை நான் போன மாதம்தான் பார்த்தேன். அதைச் சேர்த்தது நீதானாம், கம்பெனியைக் காப்பாற்றப்போவதும் அதுதானாம், உன் தம்பி சொன்னான். கெட்டிக்காரிதான் நீ. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அப்பா தன் சர்க்கரைக்கு இன்னும் அந்தப் பொடியைத்தான் குடிக்கிறார். பாதத்தில் வந்த புண் ஆறவில்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். டாக்டர் திட்டியும் கேட்கவில்லை, நான் மாத்திரையை நீட்டினால் தட்டிவிடுகிறார். மதார் சாகிப்பைப் பார்த்துமா புத்தி வரவில்லை என்று கேட்டேன்.

"தப்பான பொருளா இருந்தா எம்மவ அந்தப் பக்கம் நின்னு பேசுவாளா? நீயே சொல்லு" என்றார்.

நீ வாதாடுவதைப் பார்க்க வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறார்.

வழக்கை விட்டுவிடு என்று சொல்ல நான் யார். உன் படிப்பு, உன் தொழில். ஆனால் கோர்ட்டுக்கு முதல்நாளே வீட்டுக்கு வந்துவிடு. அவர் எதிரில் உட்கார்ந்து, இந்தப் பொடி வேண்டாம்பா என்று உன் வாயால் ஒரே ஒரு தடவை சொல். நீ சொன்னால் நிறுத்துவார். அப்படிச் சொல்லிவிட்டு, மறுநாள் ஷரீபுன்னிசாவின் முகத்தைப் பார்த்து உன்னால் பேச முடிந்தால், பேசு.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு.

உன் அம்மா,
கமலாம்பாள்