பின் சீட்டுப் பெடல்

அம்மாவுக்கு,

நேரில் சொல்ல முகமில்லை. அதனால் இதை உன் தலையணையில் வைக்கிறேன்.

இன்று வண்டிகளே வராத கால்வாய்க் கரையில் இருவர் மிதிக்கும் சைக்கிளில் பாலம்வரை போனோமே, ஆபரேஷனுக்குப் பிறகு உனக்கு அதுதான் முதல் சவாரி. மதகைத் தாண்டியதும் நீ மூச்சு வாங்க, "அடியே, மிதிக்கிறியா, இல்ல கொக்கை எண்ணுறியா?" என்று கேட்டாய். "மிதிக்கிறேம்மா!" என்றேன்.

நீ மிதிக்க மிதிக்கப் பின் பெடல்கள் தாமாகச் சுழன்றன. என் கால்கள் அவற்றின்மேல் சும்மா கிடந்தன, கண்கள் புத்தகத்தில்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், "எல்லாம் இவ மிதிச்சதுதாங்க. எனக்கு இனிமே தெம்பில்ல, சைக்கிளை வித்துடலாம்" என்றாய். அவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

விற்காதே அம்மா. பாலம்வரை என்னையும் அந்தத் தடிப் புத்தகத்தையும் சேர்த்து இழுத்தது நீ மட்டும்தான்.

வெட்கத்துடன்,
உன் பின் சீட்டுச் சுமை