மேயரின் மதியப் பால்

செப்டம்பர் 1, திங்கள்

இந்த நோட்டை என் தலையில் கட்டியவள் கிளினிக் நர்ஸ். "தினமும் ஒரு நல்ல விஷயம் எழுதுங்க. சின்னதா இருந்தாப் போதும்" என்றாள். இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தவளுக்கே வீட்டுப்பாடம்.

இன்று: எங்கள் தென்கோடி நாட்டில் வசந்தத்தின் முதல் நாள், காலையில் கார் கண்ணாடியில் உறைபனி இல்லை. சுரண்ட வேண்டியிருக்கவில்லை. போதுமா நர்ஸம்மா?

செப்டம்பர் 2

வெயில் ஒன்பது பத்துக்கே குன்றைத் தாண்டி வகுப்புக்குள் வந்துவிட்டது. போன வாரம் ஒன்பதரை ஆனது.

செப்டம்பர் 4, வியாழன்

நல்ல விஷயம் எதுவும் இல்லை. இருக்கிற விஷயத்தை எழுதுகிறேன்.

சமையலறை அலமாரியில், துடைக்கும் துணிகளுக்கு அடியில், என் ராஜினாமாக் கடிதம் இருக்கிறது. ஜூலையில் எழுதியது. அன்று காலை பள்ளி வாசலில் காரை நிறுத்தினேன், இறங்க முடியவில்லை. கால் வரவில்லை, அவ்வளவுதான். இருபது நிமிஷம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். தமாதி வந்து கண்ணாடியைத் தட்டி, தேநீர்க் கோப்பையை உள்ளே நீட்டினான். எனக்குத் தலைமையாசிரியர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன்.

பிள்ளைகள் காரணமில்லை. மேலே இருந்து ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் படிவம், புது முறை, புதுக் கோப்பு. பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்றுதான் தோன்றுகிறது. ஒரு பிள்ளை பல் விழுந்ததைக் காட்ட வருகிறது, எனக்குச் சந்தோஷமே வருவதில்லை. இது என்ன பிழைப்பு?

தமாதி சொல்லிவிட்டான்: "அக்டோபர் முப்பத்தொண்ணுக்குள்ள சொல்லிடுங்க நோலீன். அடுத்த வருஷத்துக்கு வேற ஆள் பார்க்கணும்னா விளம்பரம் கொடுக்கணும்." பள்ளியில் இருப்பதே அவனும் நானும்தான். அவனுக்குப் பெரிய பிள்ளைகள், எனக்குச் சின்னதுகள்.

செப்டம்பர் 8, திங்கள்

மார்னி ஆட்டுக்குட்டியோடு வந்து இறங்கினாள். இரண்டாம் வரிசைப் பெண், எட்டு வயது, யாரிடமும் எதையும் கேட்டு வாங்கத் தெரியாதவள். குட்டியின் தாய் செத்துப்போயிற்று. வீட்டிலோ இது மாடுகள் கன்று போடும் பருவம், அப்பாவும் அம்மாவும் விடிந்தால் பால் கொட்டகையில். மதியப் பால் கொடுக்க ஆளில்லை என்று தமாதியிடம் அனுமதி வாங்கி, சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் நாலு பலகை வைத்து அடைத்துவிட்டார்கள்.

"பேர் என்ன?"

"மேயர்."

"ஏன் மேயர்?"

"சும்மா நிக்கறான், எல்லாரும் வந்து பார்க்கறாங்க."

அக்டோபர் இருபத்துநாலு வளர்ப்புப் பிராணி தினம். பள்ளியில் பாதிப் பிள்ளைகள் குட்டியோ கன்றோ வளர்க்கிறார்கள். மார்னி இதுவரை எதிலும் பரிசு நாடா வாங்கியதில்லை. இந்த முறை அழைப்புப் போட்டியில் சிவப்பு நாடா தனக்குத்தான் என்று நிலைக்கதவில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள். அழிக்கச் சொல்ல மனம் வரவில்லை.

செப்டம்பர் 9

செவ்வாயும் வியாழனும் மதியம் மார்னிக்குத் தனி வாசிப்பு வகுப்பு. ஆகவே மேயருக்கு நான் பால் கொடுத்தேன். மழை, என் நீல மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். கையில் வெதுவெதுப்பான பாட்டில். அது இழுக்கிற இழுப்பில் என் கை தோள்வரை ஆடுகிறது. வால் தனியாக ஆடுகிறது. நாலு நிமிஷம் எந்தப் படிவமும் ஞாபகம் வரவில்லை.

நர்ஸம்மா, இது முழு மதிப்பெண்.

செப்டம்பர் 15

வேலி மரங்களுக்குள் பிள்ளைகள் குடிசை கட்டுகிறார்கள். மார்னி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்தபடி நின்றாள். "போய் விளையாடு, நான் பார்த்துக்கறேன்" என்றேன். ஓடிவிட்டாள்.

செப்டம்பர் 17

இன்றும் நானே. "போ போ" என்றேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

இந்தப் பள்ளிப் பருவத்தின் கடைசி நாள், இனி இரண்டு வாரம் விடுமுறை. அம்மாக்கள் சீஸ் ரோல் சுட்டு அனுப்பியிருந்தார்கள். தமாதி ஐந்து தின்றான், எண்ணினேன். வாசலில் முப்பத்தொரு ஜோடி மழைப் பூட்ஸ், ஒன்றாவது ஜோடி சேர்ந்து நிற்கவில்லை. ஈரக் கம்பளி வாசனை. முன்னெல்லாம் பிடிக்கும் இந்த வாசனை, இன்று மறுபடி பிடித்தது.

கடிதத்தை ஒரு வாரமாக நினைக்கவில்லை என்பது இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

செப்டம்பர் 30

விடுமுறை. மதியம் பன்னிரண்டரைக்குக் கை சும்மா இருக்கவில்லை. என் புருஷன் எர்ரோல் பால் டேங்கர் ஓட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். "என்ன, யாரையாவது எதிர்பார்க்கறியா?" என்றான்.

"ஒரு மேயரை."

முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவன். உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டு, "அவருக்கும் தட்டு வைக்கணுமா?" என்றான்.

அக்டோபர் 6, திங்கள்

பள்ளி திறந்தது. மார்னியின் அப்பா வண்டியின் பின்கதவைத் திறந்ததும் மேயர் குதித்து நேராக என்னிடம் ஓடிவந்து முழங்காலில் முட்டியது. இரண்டு வாரம் கழித்தும் மறக்கவில்லை. என்ன ஒரு பெருமை எனக்கு. ஐம்பத்துநாலு வயதில், ஒரு ஆட்டுக்குட்டி என்னை ஞாபகம் வைத்திருந்ததற்கு அழுகை வந்தது.

அக்டோபர் 9

தமாதி விடியற்காலையில் ஆற்றில் பொடிமீன் வலை போட்டு, முட்டையில் போட்டுப் பொரித்து, ரொட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். எனக்கு ஒரு துண்டு. இந்த ஆண்டின் முதல் பொடிமீன். கண்ணை மூடிக்கொண்டு தின்றேன்.

தின்று முடித்ததும் கேட்டான்: "நோலீன், அது யாரோட குட்டி?"

"எது?"

"தெரியாத மாதிரி கேட்காதீங்க. வளர்க்கிற பிள்ளைதான் பால் கொடுக்கணும்னு நாமதான் வருஷா வருஷம் நோட்டீஸ்ல போடறோம்."

"அவ விளையாடட்டும்னுதான்..."

"ம்."

அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மதியப் பாலில் என்ன வந்துவிடப்போகிறது?

அக்டோபர் 14

கோவாய் மரம் முழுக்க மஞ்சள் பூ. டூயி பறவை ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தேன் குடிக்கிறது. வகுப்பே வாசிப்பை விட்டுவிட்டுச் சன்னலுக்கு ஓடியது. நானும் ஓடினேன். எந்தக் கட்டத்திலும் டிக் போடவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

எழுதவே கை வரலை. எழுதறேன்.

காலையில் நல்ல வெயில். மைதானம் முழுக்க வண்டிகள், தார்ப்பாய்கள், குளித்துச் சீவிய குட்டிகள். பக்கத்து ஊர்க் கிழவர் நடுவர், தொப்பியில் இறகு. அழைப்புப் போட்டி எளிதானது: நடுவர் ஒரு முனையில் குட்டியைப் பிடித்துக்கொள்வார், பிள்ளை மறுமுனையில் நின்று கூப்பிடும், குட்டி நேராகப் பிள்ளையிடம் வர வேண்டும். பெரியவர்கள் கயிற்றுக்கு வெளியே.

வெயிலிலும் காற்று குளிராக இருந்ததே என்று நீல மழைக்கோட்டைப் போட்டிருந்தேன். எந்த மடச்சி போடுவாள்? நான் போட்டேன்.

மார்னி புதுச் சட்டை. "மேயர், வா வா வா" என்று கூப்பிட்டாள். அது புறப்பட்டது. பாதி வழி அவளை நோக்கித்தான் போனது. அப்புறம் நின்றது. தலையைத் திருப்பியது. ஒரு கத்தல் கத்திவிட்டுக் கயிற்றுக்கு அடியில் நுழைந்து என் கோட்டு நுனியைச் சப்ப ஆரம்பித்துவிட்டது.

எல்லாரும் சிரித்தார்கள். நடுவர் சொன்னார்: "இந்தக் குட்டிக்கான நாடாவை டீச்சருக்குத்தான் கொடுக்கணும், ஆனா டீச்சர் பேர் கொடுக்கலையே." இன்னும் பெரிய சிரிப்பு.

மார்னி சிரிக்கவில்லை. வந்து கழுத்துப் பட்டையைப் பிடித்தாள். குட்டி வரவில்லை. இழுத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "நீங்க எடுத்துக்கிட்டீங்க."

நான் என்ன பண்ணிட்டேன். அவ விளையாடட்டும்னு விட்டேனா? இல்லை. பொய். எனக்கு வேணும்னு தோணிச்சு, எடுத்துக்கிட்டேன். அந்த நாலு நிமிஷம் எனக்கு வேண்டியிருந்துச்சு. என் சந்தோஷத்துக்கு ஒரு எட்டு வயசுப் பிள்ளைகிட்டே இருந்து திருடியிருக்கேன். நர்ஸ் கொடுத்த நோட்டுல தேதி போட்டு எழுதியும் வெச்சிருக்கேன்.

அக்டோபர் 25

கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். எர்ரோல் பார்த்தான். "ஆட்டுக்குட்டிக்காக வேலையை விடுவியா?"

"ஆட்டுக்குட்டிக்காக இல்லை. பிள்ளைங்களுக்கு நடுவுல இருக்க எனக்குத் தகுதியில்லைன்னு தோணுது."

அப்பம் சுடும் கல்லைத் துடைத்தான். "முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட பேசு. அப்புறம் தகுதியைப் பார்க்கலாம்."

அக்டோபர் 27

பொது விடுமுறை. மழை. தோட்டத்து ருபார்ப் தண்டுகளை வெட்டினேன். எதுவும் எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

மார்னி என்னைப் பார்க்காமல் வந்தாள், பார்க்காமல் உட்கார்ந்தாள். இடைவேளையில் அவளிடம் போனேன். சின்ன நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன், முழங்கால் வலித்தாலும்.

"மார்னி, உன் குட்டிக்கு நான் பால் கொடுத்தது தப்பு. எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, அதனால கொடுத்தேன். உனக்காக இல்லை."

"நானும் போய் விளையாடினேன்" என்றாள்.

"நீ சின்னப் பொண்ணு. நான்தான் சொல்லியிருக்கணும்."

"ஆமா" என்றாள். எந்தத் தயவும் இல்லாமல். "இனிமே அவனைத் தொடக் கூடாது."

"தொடலை."

"அந்தக் கோட்டையும் போடக் கூடாது."

"சரி."

தனி வாசிப்புக்கு அரை மணி தள்ளி வரட்டுமா என்று, அதற்காக வெளியிலிருந்து வரும் அம்மாவிடம் அவளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கத் தெரியாதவள் என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 31, வெள்ளி

கடிதம் கைப்பையில் இருந்தது. காலையில் தமாதி, "இன்னைக்குத் தேதி முப்பத்தொண்ணு" என்றான். "மதியம்வரை நேரம் கொடு" என்றேன்.

பன்னிரண்டரைக்குப் பலகை வேலிக்கு வெளியே நின்றேன். தூறல். எர்ரோலின் பழைய கறுப்புக் கோட்டு, கை நீளம் அதிகம். கோட்டு மாறினால் தெரியாது என்று நினைத்தேன். மேயருக்குத் தெரிந்தது. நேராக வந்து பலகை இடுக்கில் மூக்கை நுழைத்துக் கத்தியது. என் கை தானாகவே எழும்பியது. பின்னால் கட்டிக்கொண்டேன்.

மார்னி பாட்டிலோடு மறுகோடியில் வந்து நின்றாள். "மேயர்." அது அசையவில்லை. "மேயர், வா வா." என்னைப் பார்த்தது. நான் ஆகாயத்தைப் பார்த்தேன். இப்படியே இரண்டு நிமிஷம் இருக்கும். மார்னி குரலை உயர்த்தவும் இல்லை, இரண்டடி கிட்டே வரவும் இல்லை. எங்கே கற்றாள் இந்தப் பொறுமையை, என் வகுப்பில் இல்லை.

அப்புறம் அது மூக்கை எடுத்தது. திரும்பிப் போயிற்று. போகப் போக ஓடியது. பாட்டிலைப் பிடித்து இழுத்த இழுப்பில் மார்னி ஓரடி தள்ளாடிச் சிரித்தாள். எனக்கு வலித்தது. சந்தோஷமாகவும் இருந்தது, ஜூலையிலிருந்து நான் பட்ட சந்தோஷங்களிலேயே பெரியது. ஒரு துளியும் என்னுடையது இல்லை.

"பார்த்தீங்களா?" என்றாள்.

"பார்த்தேன்."

"அடுத்த வருஷம் கன்னுக்குட்டி வளர்க்கப் போறேன். அப்பவும் இங்கேயே நிக்கணும். வேலிக்கு வெளியே."

"நிக்கறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

தமாதி அறையில் இறைச்சி அடைத்துச் சுட்ட ரொட்டி தின்றுகொண்டிருந்தான். "உனக்குக் கொடுக்க ஒண்ணும் இல்லை. விளம்பரம் வேண்டாம்" என்றேன்.

தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான், எர்ரோலின் கோட்டைப் பார்த்தான், மறுபடி தின்ன ஆரம்பித்தான். "சரி. போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க, குளிருது."

சாத்திவிட்டு வகுப்புக்குப் போனேன்.