ஐரிஸ் பூத்த வருடம்

ஏப்ரல் 19, சனி

காலையில் செடிக்குத் தண்ணீர் விடப் போனவள் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன். நடு வரிசையில் ஒரு ஐரிஸ் செடியில், வாள் வாளாக நிற்கும் இலைகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் தடித்திருக்கிறது. விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். இலை என்றால் தட்டையாக இருக்கும். இது உருண்டையாக இருந்தது. பூந்தண்டு! மூன்று வருடம் கழித்து!

அவரைக் கூப்பிட்டேன். பல் தேய்த்துக்கொண்டே வந்தார். "நெசமாவே தண்டா, இல்ல உன் ஆசையா?" என்றார். தானும் தொட்டுப் பார்த்த பிறகு வாயில் நுரையோடு சிரித்தார்.

கிழங்குகளைக் கொண்டுவந்ததே அவர்தான். அவர் ஓட்டும் பஸ்ஸில் தினமும் வருகிற ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாராம். பார்க்க இஞ்சி மாதிரியே இருந்தன. முதல் வருடம் நான் ஆழமாகப் புதைத்துத் தொலைத்தேன். இலை வந்தது, பூ வரவில்லை. அடுத்த வருடம் தண்ணீரைக் கொட்டிக் கொட்டிப் பாதியை அழுக வைத்தேன். அப்புறம்தான் தபால்காரர் சொல்லி அனுப்பினார்: கிழங்கின் முதுகு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், வெயில் அதன் மேல் விழ வேண்டும். எல்லாவற்றையும் தோண்டி எடுத்து, மண்ணை மேடாகக் குவித்து, மறுபடி வைத்தேன்.

நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் முதலாளியிடம் சொன்னேன். "கண்ணுக்குள்ள இருக்கறதுக்கும் ஐரிஸ்னுதான் பேரு. இருபது வருஷமா இங்க அதைத்தான் பாத்துட்டு இருக்க. வீட்டுக்குப் போயும் அதேதானா?" என்றார். அவருக்குப் பூவும் ஒன்றுதான், புண்ணாக்கும் ஒன்றுதான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஐந்து தண்டுகள். வேலி ஓரத்தில் ஒரு கிழங்கு மட்டும் கொழகொழவென்று ஆகி நாறுகிறது. பழைய கரண்டியால் அழுகலைச் சுரண்டிவிட்டு வெயில் படும்படி விட்டிருக்கிறேன். பிழைத்தால் பிழைக்கட்டும்.

மே 4, ஞாயிறு

முதல் மொட்டின் மேல் வெங்காயச் சருகு போன்ற உறை. அதன் நுனியைக் கிழித்துக்கொண்டு நிறம் தெரிகிறது. கறுப்பு என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் ஊதா. இவ்வளவு அடர்ந்த ஊதாவை நான் துணியில்கூடப் பார்த்ததில்லை.

"நாளைக்கோ நாளன்னைக்கோ விரிஞ்சிடும். விரிஞ்ச உடனே படம் எடுத்து அனுப்பு. சாயங்காலம் வரைக்கும் எல்லாம் என்னால தாங்க முடியாது" என்றார் என் வீட்டுக்காரர். ஐம்பத்திரண்டு வயசு. பேச்சைப் பார்.

மே 6, செவ்வாய்

காலை: விரிந்துவிட்டது! மூன்று இதழ் மேலே குவிந்து நிற்கிறது, மூன்று கீழே மடிந்து தொங்குகிறது. தொங்கும் ஒவ்வொரு இதழிலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னத் தாடி. கிட்டே போனால் திராட்சை வாசனை. படம் எடுத்து அனுப்பிவிட்டேன். கடைக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

மாலை: அவர் ஓட்டிய பஸ் ஒருவர் மேல் மோதிவிட்டது. காவல் நிலையத்தில் இருக்கிறார். அவருக்கு அடி எதுவும் இல்லை. மோதியது யார் மேல் என்று சொன்னார்கள். சலவைக் கடைக்கார அம்மா. கடையைத் திறக்க நடந்து போய்க்கொண்டிருந்தார்களாம். உயிர் போய்விட்டது.

மே 7, புதன்

வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். வேலையிலிருந்து இடைநீக்கம், விசாரணை முடியும் வரை. "திடீர்னு குறுக்க வந்துட்டாங்க" என்று மட்டும் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் குனிந்து கழற்றிவிட்டேன்.

இருபத்திரண்டு வருடம் ஓட்டியிருக்கிறார். ஒரு சைக்கிளின் மேல் உரசியதுகூடக் கிடையாது.

மே 9, வெள்ளி

எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

டீ போட்டுக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நான் பாத்தேன்" என்றார்.

"எதை?"

"பூவை."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. இரண்டு பேருமே அதை அணைக்கவில்லை.

"போன் சத்தம் குடுத்துச்சு. நீதான் அனுப்பியிருப்பன்னு தெரியும். ரெண்டு செகண்டுதான். நிமிந்து பாத்தப்ப அந்தம்மா பாதி ரோடு தாண்டிட்டாங்க. கோட்டு மேலதான் நடந்தாங்க. நின்னு நிதானமாத்தான் வந்தாங்க."

திடீரென்று குறுக்கே வரவில்லை. பாதசாரிகள் கடக்கும் கோட்டில் வந்திருக்கிறார்கள்.

போலீஸ் பார்த்தது பேச்சு அழைப்புகளை மட்டும். படத்தை அவர் போனில் அழித்துவிட்டாராம். "உன்னோடதுலயும் அழிச்சிடு" என்றார். சரி என்றேன்.

அவர் பஸ் ஓட்டுகிற நேரம் என்று எனக்குத் தெரியாதா? தெரியுமே. தெரிந்துதானே அனுப்பினேன்? கீழே ஒரு வரி வேறு எழுதியிருந்தேன் – உடனே பாருங்க.

மே 10, சனி

அழித்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். அழிக்கவில்லை.

மே 13, செவ்வாய்

தொழிற்சங்கத்துக்காரர் வந்தார். கையில் கோப்பு, சட்டைப் பையில் மூன்று பேனா. அந்த அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, கண்ணாடி போடுகிறவர், அன்று எதிர்வெயில். "கண்பார்வை மங்கல், வண்டி வர்றது தெரியல, இறங்கிட்டாங்க. அவ்வளவுதான். கோட்டைத் தள்ளித்தான் நடந்தாங்கன்னு சொல்ல நம்ம கண்டக்டர் இருக்காரு" என்றார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

போகும்போது என்னிடம், "அம்மா, நீங்க யார்கிட்டயும் வாயத் திறக்காதீங்க. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். நல்ல மனுஷர்தான். வாசலில் நின்று, "இது என்ன பூம்மா? கண்ணைப் பறிக்குதே" என்றும் கேட்டார்.

மே 20, செவ்வாய்

ஒரு பூ மூன்று நாள் நிற்கிறது. பிறகு ஈரக் காகிதம் மாதிரி சுருண்டு, மை ஒழுகுவதுபோல ஊதாவாக ஒழுகுகிறது. அதற்குள் அதே தண்டில் அடுத்தது விரிந்துவிடுகிறது. இன்று ஒன்பது பூ. தெருவில் போகிறவர்கள் வேலியருகே நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர் பின்வாசல் வழியாகத்தான் போகிறார், வருகிறார்.

வெட்டி எறிந்துவிடலாம் என்று கத்தியோடு போனேன். குனிந்தேன், வாசனை அடித்தது, கால் மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். அழகாகத்தான் இருக்கு, என்ன செய்யச் சொல்ற? மூணு வருஷம் நான்தானே பாடுபட்டேன்?

சீ. யாரிடம் நியாயம் கேட்கிறேன்.

மே 27, செவ்வாய்

மதியம் கடைக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் உடைந்த மூக்குக் கண்ணாடி. பார்த்ததும் ஃபிரேம் அடையாளம் தெரிந்தது. போன நவம்பரில் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

சலவைக் கடை அம்மாவின் மகள். நான் யாருடைய மனைவி என்று அவளுக்குத் தெரியாது.

"அக்கா, எங்கம்மா இங்கதான் கண்ணு டெஸ்ட் பண்ணுனாங்க. அந்த அட்டை இருக்குமா? அவங்களுக்குக் கண்ணு தெரியலன்னு விசாரணையில எழுதி வெச்சிருக்காங்க. எதிர்ப் பக்கத்துல போற பஸ்ஸோட நம்பரை இந்தப் பக்கம் இருந்து படிச்சுச் சொல்லும் எங்கம்மா. சட்டையில மிளகு சைஸுக்குக் கறை இருந்தாலும் கண்டுபிடிச்சிடும்."

முதலாளி சாப்பிடப் போயிருந்தார். எந்தத் தட்டு, எத்தனையாவது அட்டை என்று எனக்கு அத்துப்படி. "தேடிப் பாக்கணும்மா. ரெண்டு நாள் கழிச்சு வா" என்றேன்.

நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

மே 28, புதன்

அட்டை என் கைப்பையில் இருக்கிறது. இரண்டு கண்ணும் கண்ணாடியோடு ஆறுக்கு ஆறு, முழுப் பார்வை. புரை இல்லை. என் கையெழுத்து.

ஜூன் 3, செவ்வாய்

அவள் இரண்டு தடவை வந்துவிட்டாள். இரண்டு தடவையும் "இன்னும் கிடைக்கல" என்றேன். இரண்டாவது தடவை முதலாளி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இருபது வருடத்தில் ஓர் அட்டையைக்கூட நான் தொலைத்ததில்லை என்று அவருக்குத் தெரியும்.

ஜூன் 5, வியாழன்

கொடுத்துவிட்டேன். கொடுத்தால் நெஞ்சில் இருக்கிற கல் இறங்கும் என்று நினைத்தேன்.

அவள் படித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு மெல்ல வாடியது.

"இதைக் காட்டினா என்ன சொல்வாங்க தெரியுமாக்கா? கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு, அப்ப கவனமில்லாம இறங்கிட்டாங்கன்னு எழுதுவாங்க. செத்தவங்கதானே, எப்படி வேணா எழுதலாம்."

அட்டையை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "பரவால்லக்கா. நீங்க இவ்வளவு தூரம் தேடிக் குடுத்தீங்களே" என்றாள்.

தேடிக் கொடுத்தேனாம்.

ஜூன் 8, ஞாயிறு

அவரிடம் சொன்னேன். நாளை மறுநாள் காவல் நிலையத்துக்குப் போகிறேன், போனையும் கொண்டுபோகிறேன் என்று.

"அழிச்சிட்டேன்னு சொன்ன?"

"பொய் சொன்னேன்."

"என்னை உள்ள தள்ளுனா அந்தம்மா எந்திரிச்சு வந்துடுவாங்களா?"

"வர மாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு?"

"அவங்க ஒழுங்கா நடந்துதான் போனாங்க. அதை யாராவது சொல்லணுமில்ல."

"அனுப்புனது நீ. அதையும் சேத்துச் சொல்லுவியா?"

"அதைத்தான் முதல்ல சொல்லுவேன்."

கை ஓங்கினார். இத்தனை வருடத்தில் முதல் முறை. ஓங்கிய கையைத் தானே பார்த்தார், கீழே போட்டுவிட்டு உள்ளே போனார். அடித்திருந்தால்கூடத் தேவலை.

நீங்களே வாங்க, ரெண்டு பேரும் சேந்து போகலாம்னு கதவுக்கு வெளியே நின்னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்.

ஜூன் 10, செவ்வாய்

காவல் நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி எழுதிக்கொண்டார். படம் அனுப்பிய நேரம் ஏழு நாற்பத்தெட்டு. பார்த்ததாகக் காட்டுவது ஏழு நாற்பத்தொன்பது. விபத்தும் ஏழு நாற்பத்தொன்பது. படத்தை அந்த அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பூவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். போனை ஒரு உறையில் போட்டு ஒட்டினார்.

திரும்பி வந்தால் முன்பக்கம் முழுக்கக் குழி. மண்வெட்டி சுவரில் சாய்ந்திருந்தது. எல்லாக் கிழங்குகளையும் தோண்டி வாசலில் குவித்திருந்தார். இலைகளெல்லாம் மிதிபட்டுக் கிடந்தன. படியில் உட்கார்ந்திருந்தார், முழங்கை வரை மண்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"சரி" என்றார். எழுந்துபோய்க் கை கழுவினார். வெகு நேரம் கழுவினார்.

ஜூன் 12, வியாழன்

காவல் நிலையத்துக்கு அவரை அழைத்துக் கேட்டார்களாம். "என் சம்சாரம் சொன்னது அத்தனையும் நெசம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அதை என்னிடம் சொன்னது தொழிற்சங்கத்துக்காரர், அதுவும் கடித்துத் துப்புகிற மாதிரி. இவர் சொல்லவில்லை. என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

கிழங்குகள் நிழலில் காய்ந்து கிடக்கின்றன. நான்கு வாரமாகியும் சாகவில்லை. சிலவற்றில் வெள்ளையாக வேர் விட்டிருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக வருகிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

குற்றத்தை ஒப்புக்கொண்டதால் பதினான்கு மாதம் சிறை. பஸ் ஓட்டும் உரிமம் இனி கிடையாது. நீதிபதி தீர்ப்பைப் படிக்கும்போது, இறந்தவர் கோட்டின் மேல்தான் நடந்தார், அவர் பக்கம் எந்தத் தவறும் இல்லை என்று சத்தமாகப் படித்தார். அந்தப் பெண் முன் வரிசையில் இருந்தாள். தோள்கள் குலுங்கின.

வெளியே வராந்தாவில் எனக்கு எதிரே வந்து நின்றாள்.

"அன்னைக்குக் கடையில நான் கேட்டப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எல்லாமா?"

"எல்லாமே."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். என் முகத்தையே பார்த்தாள். பிறகு படியிறங்கிப் போய்விட்டாள். இப்போது அக்கா என்று கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

சிறைக்குப் போனேன். பார்க்க விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராம். படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

செப்டம்பர் 6, சனி

இன்றும் அதேதான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கிழங்குகளைக் கத்தியால் துண்டு போட்டேன். அழுகியதைத் தள்ளிவிட்டு, முதுகு மேலே தெரிகிற மாதிரி பதினொன்றை நட்டேன். ஆசைப்பட்டு ஒன்றும் நடவில்லை. வீட்டு வாசலில் குழி கிடந்தால் யாராவது விழுவார்கள். பிரித்து நட்ட கிழங்கு அடுத்த வருடம் பூப்பது சந்தேகம்தான். நல்லது.

செப்டம்பர் 20, சனி

வந்தார். இளைத்திருக்கிறார். நடுவில் கம்பி வலை, இரண்டு பக்கமும் ஸ்டூல், அரை மணி நேரம்.

வீட்டுக் கூரை ஒழுகுகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"நீ போகாம இருந்திருந்தா, நானா போய்ச் சொல்லியிருப்பேன்னு நெனைக்கிறியா?" என்றார்.

ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. "தெரியலங்க" என்றேன்.

"எனக்கும் தெரியல. தினமும் அதைத்தான் யோசிச்சுட்டு இருக்கேன்."

மணி அடித்தது. எழுந்தவர் வலைக்கு அருகே குனிந்தார். "இங்க லைப்ரரியில வேலை போட்டிருக்காங்க. எழுத்து மங்கலாத் தெரியுது. அடுத்த தடவை வர்றப்ப படிக்கிறதுக்கு ஒரு கண்ணாடி கொண்டா."

"டெஸ்ட் பண்ணாம எப்படிங்க?"

"உனக்குத் தெரியாதா என்ன" என்றார்.

செப்டம்பர் 22, திங்கள்

ஒன்றே முக்கால் பவர் சரியாக இருக்கும். உலோக ஃபிரேம் அங்கே உள்ளே விடமாட்டார்கள். பழுப்பு நிற பிளாஸ்டிக்கில் ஒன்றை எடுத்து, காது மடலில் அழுத்தாதபடி காம்பைச் சூடு காட்டி வளைத்து வைத்திருக்கிறேன். துடைக்கிற துணி ஒன்று. கண்ணாடிக் கூடு கொண்டுபோகலாமா என்று சனிக்கிழமை சிறை வாசலில் கேட்க வேண்டும்.