நம்ம வாசல் சரிவை இடிக்கப் போறாங்க

அன்பான என் ஊட்டுக்காரருக்கு,

நீங்க போய் எட்டு மாசம் ஆச்சு. யார்கிட்டயும் வாய்விட்டுப் பேச மனசு வரல. இன்னைக்கு உங்ககிட்ட பேசியே ஆகணும். உங்க சக்கர நாற்காலிக்காக வாசல்ல போட்ட சிமென்ட் சரிவை இடிக்கணுமாம். வார்டு ஆபீஸ்லேருந்து வந்து சொல்லிட்டாங்க.

கால்வாய் மேல கட்டின படியை எல்லாம் எடுக்கணும்னு மனு மேல மனு போட்டதே நீங்கதான். "ரோடு என்னா, அவனவன் அப்பன் ஊட்டு சொத்தா?"ன்னு கேட்டுத் தெருவையே பகைச்சிக்கினீங்க. மிஷின் வந்து ஒரு ஊடு விடாம படியைப் பேத்துச்சு. நம்ம படியும் போச்சு. பக்கத்து ஊட்டு சாந்தி ஒரு மாசம் ஸ்டூல் போட்டுத்தான் உள்ள ஏறினா. ஆனா அந்த வருஷம் தெருவுல தண்ணி நிக்கல, அதையும் சொல்லணும்.

அப்புறம் உங்களுக்குக் கை கால் விழுந்துச்சு. அதே கால்வாயை அடைச்சு, கொத்தனாரை வெச்சு நான்தான் சரிவு போட்டேன். வேணாம்னு தலையாட்டினீங்க, நான் கேக்கல. நம்ம வார்டு இன்ஜினியர், சின்னப் பையன், வந்து சரிவைப் பாத்தான், உங்களையும் பாத்தான். "நான் எதையும் பாக்கல சார்"னு சொல்லிட்டுப் போயிட்டான். அன்னைக்கு ஏங்க அழுதீங்க? சந்தோஷமா, அவமானமா? கடைசி வரைக்கும் நீங்க சொல்லவே இல்ல.

போன வாரம் பேஞ்ச மழையில தண்ணி போக வழியில்லாம சாந்தி ஊட்டுக்குள்ள பூந்துடுச்சு. முழங்கால் அளவு. பக்கெட்ல மொண்டு மொண்டு ஊத்திக்கினே இருந்தா பாவி, என்னை ஒரு வார்த்தை கேக்கல. "ஏண்டி புகார் குடுக்கல?"ன்னு நானே கேட்டேன். "அண்ணன் போய் வந்த வழியாச்சே அக்கா. இருந்துட்டுப் போவட்டும்"ன்னா. நாலு வார்த்தை திட்டியிருந்தா தேவலாம்.

இன்னைக்கு வந்ததும் அதே இன்ஜினியர்தான். "மேல இருந்து ஆர்டர்மா. ஆனா நீங்க ஒரு வார்த்தை சொன்னா அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போடறேன்"னான். நல்ல பையன். இருந்தாலும் எனக்குக் கோவம் வந்துச்சு. இடிக்கிற அதிகாரமும் இவங்க கையில, யார் மேல எரக்கப்படறதுங்கிற அதிகாரமும் இவங்க கையிலயா? எரக்கம் எனக்கு, தண்ணி சாந்திக்கா? இதுக்கா வருஷக்கணக்கா மனு எழுதினீங்க?

அசதியா கீதுங்க. எது நியாயம்னு யோசிச்சு யோசிச்சே ஒடம்பு ஓஞ்சுபோச்சு. தெனம் காலையில அந்தச் சரிவுலதான் கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன். உங்களை வெயிலுக்குத் தள்ளிக்கினு வந்த எடம். போட்டோவைப் பாத்தா வராத ஞாபகம் எல்லாம் அங்க உக்காந்தா வருது. அதைப் போய் எப்படிங்க குடுப்பேன்?

குடுத்துட்டேன். "திங்கக்கிழமையே மிஷினைக் கொண்டாப்பா"ன்னு சொல்லிட்டேன். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா"ன்னான். யோசிச்சாச்சுன்னேன்.

உங்க மேல சத்தியமா, அன்னைக்கு உள்ள போய்க் கதவைச் சாத்திக்க மாட்டேன். சாந்தி பக்கத்துல நின்னு கடைசிக் கல்லு பேர்ற வரைக்கும் பாப்பேன். தெருவே கேக்கட்டும்னு வாய்விட்டு அழுவேன். அதுக்கு எனக்கு எவன் ஆர்டரும் வேணாம்.

முப்பத்தாறு வருஷம் உங்களோடவே மல்லுக்கட்டின
உங்க பொண்டாட்டி வசந்தா,
திருமுல்லைவாயில்