சுற்றுவழிக்குக் கூலி இல்லை

அன்பு மாமா,

இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேராது என்று தெரியும். ஆனாலும் யாரிடமாவது கத்த வேண்டும் போல இருக்கிறது. அக்காவிடம் கத்த முடியாது. கணக்குப்பிள்ளையிடம் கத்தியாகிவிட்டது. மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்று பண்ருட்டி மண்டியில் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு நாம் இருவரும் முன்னும் பின்னுமாகப் புதுச்சேரிக்கு வந்துகொண்டிருந்தோம். தரைப்பாலத்தின் மேல் ஆறு புரண்டு ஓடியது. நான் லாரியை ஓரங்கட்டிவிட்டு உங்களிடம் ஓடிவந்தேன்.

“கடலூர் சுத்திப் போயிடலாம் மாமா. அங்க பெரிய பாலம் இருக்குது.”

“சுத்துறதுக்கு எவன்டா கூலி குடுப்பான்? அந்த டீசலும் நம்ம தலையிலதான் வுழும். நீ வேணும்னா போ. நான் இப்படியே வந்துடுறேன்.”

நான் சுற்றிக்கொண்டு வந்தேன். நீங்கள் வரவில்லை.

லாரி ஓட்டுகிற நமக்கு மாதச் சம்பளம் ஏது? ஓடிய மைலுக்குத்தான் கூலி. அதுவும் வண்டி உண்மையில் எவ்வளவு ஓடியது என்று எவனும் பார்ப்பதில்லை. இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு இத்தனை மைல் என்று முதலாளி முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறார். எல்லாம் குறுக்குவழிக் கணக்கு. வெள்ளம் வந்தாலும் அதே மைல்தான். மூட்டை ஏற்றுவதற்காக மண்டி வாசலில் பகலெல்லாம் வெயிலில் காய்ந்தால் அது வேலையே இல்லையாம்.

பிரெஞ்சுக்காரன் இருந்தவரை எல்லையில் சுங்கச்சாவடிக்காரன் நம்மை அரை நாள் நிறுத்திவைப்பான். சாவடியை எடுத்த அன்று சாரம் டீக்கடையில் எல்லாருக்கும் நீங்கள்தானே டீ வாங்கிக் கொடுத்தீர்கள்? “இனிமே நிக்கிற பொழப்பு இல்லடா, ஓடுற பொழப்புதான்” என்றீர்கள். கொடி மாறியது. நாம் நிற்பது மட்டும் சாவடியிலிருந்து மண்டி வாசலுக்கு மாறியது.

மறுநாள் உங்களைக் கண்டெடுத்தது பண்ருட்டிப் பக்கத்துக் கரையில். பாலத்தில் வெள்ளம் அப்போதும் வடியவில்லை. என் லாரியில் உங்களைப் படுக்கவைத்து, கடலூர் சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முந்தின நாளே நீங்கள் வந்திருக்க வேண்டிய வழி அது. நெடுக உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். அழுதுகொண்டும்தான்.

காரியம் முடிந்ததும் உங்கள் பாக்கிக் கூலியை வாங்க அக்காவை உப்பளம் பக்கத்து நம் லாரி ஆபீசுக்கு அழைத்துப் போனேன். நம் கணக்குப்பிள்ளையைத்தான் உங்களுக்குத் தெரியுமே, பிரெஞ்சு ஆபீசில் இருந்த பெருமையில் இன்னமும் தன்னை முசே என்று கூப்பிடச் சொல்கிறவர். தலை நிமிராமலே சொன்னார்.

“அந்த நடைக்குத் தரைப்பாலம் வரைக்கும்தாம்மா மைல் கூலி. வண்டி அதுக்கு மேல ஓடலியே. பொணம் எடுத்தாந்த டீசலையும் அதுல கழிச்சிருக்கேன்.”

அவர் நீட்டிய பணத்தை அக்கா தொடவில்லை. “அவரு வூட்டுக்குத்தான் முசே வந்துகினு இருந்தாரு. பாதி வழில எறங்கிக்கலியே” என்றாள்.

“முதலாளி போட்ட சட்டம்மா. நான் இன்னா பண்றது?”

அங்கேதான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று கேட்காதீர்கள், எழுதக்கூடியது இல்லை.

ஆற்றிலிருந்து இழுத்தெடுத்த உங்கள் லாரியைப் பட்டறையில் சரிசெய்துவிட்டார்கள். லாரிக்கென்றால் எவ்வளவு சீக்கிரம் வைத்தியம் நடக்கிறது பாருங்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “உன் மாமா வண்டி, நீயே எடுத்துக்க கன்னியப்பா” என்றார். பாசமாம். சாவியை வாங்கினேன். வாங்கி, கணக்குப்பிள்ளையின் மேசை மேல் வைத்தேன்.

“காத்துக் கெடக்குறதுக்கும் சுத்தி வர்றதுக்கும் கூலி போடுங்க. அப்புறம் எடுக்குறேன்.”

எனக்குப் பின்னால் நின்ற காதர் பாய், மகள் கல்யாணத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு, தன் சாவியையும் வைத்தார். பிறகு மற்றவர்களும் வைத்தார்கள்.

இன்று லாரிகள் எல்லாம் கொட்டகையில் நிற்கின்றன. பண்ருட்டியில் மூட்டைகள் அடுக்கிக் கிடக்கின்றன. லோடு எப்போது வரும் என்று முதலாளி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறாராம். காத்திருப்பது வேலையா இல்லையா என்று இப்போது அவரைக் கேட்க வேண்டும். வெளியூர் டிரைவர்களைக் கொண்டுவருவேன் என்று மிரட்டுகிறார். கொண்டுவந்தாலும் வருவார். எங்கள் அடுப்புகள் எதுவரை தாங்கும் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது, மாமா. நீங்கள் இருந்திருந்தால் சாவியை வைத்திருப்பீர்களா? இல்லை, நமக்கெதுக்குடா வம்பு என்று ஓட்டிக்கொண்டு போயிருப்பீர்களா?

எதுவானாலும் என் முடிவு இதுதான். சுற்றுவழிக்குக் கூலி என்று முதலாளி வாயால் சொல்லும்வரை அந்தச் சாவியைத் தொடமாட்டேன். அடுத்த மழையில் தரைப்பாலம் மறுபடி மூழ்கும். அன்றைக்கு உங்கள் லாரியைக் கடலூர் சுற்றி, ஒவ்வொரு மைலுக்கும் கூலியோடு ஓட்டிவந்து, அக்கா வாசலில் நிறுத்திவிட்டுத்தான் லோடு இறக்கப் போவேன்.

சுற்றி வந்ததால் உயிரோடு இருக்கிற,
உங்கள் மைத்துனன்
கன்னியப்பன்