வாலுக்குள் படுத்த முனிரத்தினம்

என் அருமை அப்பா,

சௌக்கியம்தானே? பதில் வராது என்பதற்காகக் கேட்காமல் இருக்க முடியுமா? தோஹாவில் எனக்கு வயிறு வளர்கிறது, தலைமுடி குறைகிறது. அது கிடக்கட்டும். உங்கள் முனிரத்தினம் அகப்பட்டுவிட்டார்!

யுத்தகாலத்தில் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் நீங்களும் அவரும் ஜோடி. வெளியே நின்று ஒருவர் தகட்டில் ரிவெட் ஆணி அடிக்க, விமானத்தின் வாலுக்குள் படுத்து மற்றவர் இரும்புக்கட்டையால் முட்டுக்கொடுக்கவேண்டும். வாரத்துக்கு ஒருவர் உள்ளே போவது முறை. 'என் தோள் அகலம், நுழையாது' என்று இரண்டு வருஷமும் அவரையே அனுப்பினீர்கள். அந்தச் சத்தத்தில் அவருக்கு ஒரு காது போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் என்னிடம் உண்மை சொன்னீர்கள்: "தோள் இல்லடா. இருட்டுக்குள்ள படுக்கப் பயம். அவனைத் தேடிப் பிடிச்சு மன்னிப்புக் கேளு."

தோளாம்! ஹேங்கரில் தொங்கும்போதுதான் உங்கள் சட்டைக்குத் தோள் இருக்கும்.

உங்கள் டைரியில் இருந்த ஒன்பது தொழிலாளிகளுக்கும் எழுதினேன். ஏழு பேர் உங்கள் பக்கமே வந்துவிட்டார்கள், பார்த்திருப்பீர்கள். எட்டாமவரை லீவில் நேரில் போய்ப் பார்த்தேன். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் என்று நினைத்து விரட்டினார். ஒன்பதாமவர் கோலாரிலிருந்து கார்டு போட்டார்: முனிரத்தினம் கத்தாரில் ஒர்க்‌ஷாப் ஸ்டோர்கீப்பர், நஜ்மாவில் ரூம். என் வீட்டிலிருந்து நாலு தெரு, அப்பா! வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை போனேன். ரூமில் ஆறு கட்டில், ஆறிலும் ஆள். உங்கள் ரகசியமாயிற்றே, மெல்லத்தான் ஆரம்பித்தேன்.

"என்னது? சத்தமாச் சொல்லு தம்பி. மிச்சக் காதும் அரைக்காதுதான்."

வேறு வழியில்லை. "எங்கப்பா பயந்தாங்கொள்ளி! பொய் சொல்லி உங்களை உள்ள அனுப்பினாரு!" என்று அலறினேன். ஆறு கட்டிலும் எழுந்து உட்கார்ந்தன. பக்கத்து ரூம் பெஷாவர்க்காரர், "க்யா ஹுவா பாய்?" என்று, என்ன ஆச்சோ என்று பதறித் தலையை நீட்டினார். இப்போது நஜ்மாவுக்கே உங்கள் கதை தெரியும். மன்னியுங்கள்.

முனிரத்தினம் மாமா சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. "இதுக்கா வந்தே? மொத நாளே தெரியுமே! உள்ள போன உங்கப்பன் சபாபதியைக் காலைப் பிடிச்சு வெளிய இழுத்ததே நான்தான். தொப்பலா நனைஞ்சு, 'தோள் இடிக்குது'ன்னான். நானும் சூப்பர்வைசர்கிட்ட, 'ஆமா சார், ரொம்ப அகலம்'னு சொல்லிட்டேன்."

"காது போச்சே மாமா?"

"போச்சு. வருத்தம் இல்லாமலா? அது அந்த வேலை தின்னது." செவிட்டுக் காதைத் தடவிக்கொண்டார். "யுத்தம் முடிஞ்சதும் சபாபதி மூஞ்சியே காட்டலே. என் கல்யாணத்துக்குக்கூட வரலே. அதுதான் இன்னும் ஆறலே."

ஏன் போகவில்லை, அப்பா? அவர் நம்பவே நம்பாத ஒரு பொய்க்காக முப்பது வருஷமா ஒளிந்திருந்தீர்கள்?

அடுத்த மாதம் உங்கள் திதிக்கு ஊருக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டேன். மனிதர் இதுவரை விமானமே ஏறியதில்லை, கப்பலில் வந்தவர். ஏன் என்று கேட்டேன். "ரிவெட் அடிச்சவன் யாருன்னு எனக்கில்ல தெரியும்!" என்றார். பிறகு அவரே, "சரி, டிக்கெட் போடு" என்றார்.

கூட்டிவருகிறேன். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று ஆசைதீரத் திட்டப்போகிறாராம். நானோ அம்மாவோ குறுக்கே வரமாட்டோம், சத்தியம். உங்களை 'டேய் சபாபதி' என்று கூப்பிட இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் பாக்கி.

உங்கள் வாயாடி மூத்த பிள்ளை