தவக்காலச் சேமிப்பு

காத்தோங்
சிங்கப்பூர்
5 மே 2025

அன்புள்ள ரோனி,

போன் செய்தால் நீ ஸ்பீக்கரில் போடுகிறாய், அம்மா பதில் சொல்கிறார். அதனால் உன் சாங்கி அலுவலக முகவரிக்கே எழுதுகிறேன்.

இந்த முறையும் சோதனைக் குழாயில் வளர்த்த கருக்கள் மூன்றாம் நாளோடு நின்றுவிட்டனவாமே. “எனக்கு வயசாயிடுச்சு லா அக்கா, முட்டை சரியில்ல” என்று உன் மனைவி அபிகேல் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அதைச் சொன்னது டாக்டரா, அம்மாவா?

நான் உயிரியல் படித்தவள்தான், டாக்டர் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். கருவில் தகப்பனின் பங்கு வேலை செய்யத் தொடங்குவதே அந்த மூன்றாம் நாளை ஒட்டித்தான். உன் விந்தணுவை எண்ணினார்கள், சரி. அதற்குள் இருக்கும் டிஎன்ஏ உடைந்திருக்கிறதா என்று பார்த்தார்களா? அதற்குத் தனிச் சோதனை உண்டு. செய்துகொள்.

அக்கா
டானியலா

சாங்கி
2 ஜூன்

அன்பு அக்கா,

செய்தேன். நிறைய உடைந்திருக்கிறதாம். கடைசியாக விந்து வெளியேறி எத்தனை நாள் இடைவெளி என்று டாக்டர் அனுப்ரியா கேட்டார். இந்த முறை உண்மையைச் சொன்னேன்.

தவக்காலம் நாற்பது நாளும் விரதம் என்று ஹாலில் படுத்தேன் அல்லவா? சேர்த்து வைத்தால் பலம் கூடும் என்றும் நினைத்தேன். ஈஸ்டர் முடிந்து விந்து கொடுத்தபோது எண்ணிக்கை அவ்வளவு அதிகம், நர்ஸே பாராட்டினார். வெட்கத்தில் மூன்று நாள் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகும் ஹாலில்தான் படுக்கிறேன்.

டாக்டர் சிரித்தார். “கார்கோல வேலை பாக்குறீங்க, உங்களுக்குத் தெரியாதா? ரொம்ப நாள் கிடந்தா சரக்கு கெட்டுப்போகும் லா.” இரண்டு நாள் இடைவெளியில் மறுபடி கொடுத்தேன். உடைவு பாதியாகக் குறைந்திருக்கிறது.

அபியிடம் சொல்லவில்லை. இனி வேண்டாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டாள். எதற்குக் கிளற வேண்டும்?

ரோனி

காத்தோங்
6 ஜூன்

ரோனி,

இதுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அவள் வயதும் காரணமாக இருக்கலாம். ஆனால் ஊசி குத்திக்கொண்டது அவள், அம்மாவிடம் பேச்சு வாங்குவதும் அவள். அவள் மனதைத் தேற்றியது நீ மறைத்த ஒன்றை வைத்து. மறுபடி முயல்வதா வேண்டாமா என்பதை அவள் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும். அம்மா இருக்கும்போதே சொல்.

டானியலா

செங்காங்
16 ஜூன்

அன்பு அக்கா,

ஞாயிறு பூசை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் சொன்னேன். டாக்டர் சொன்ன சரக்குக் கதையையும் சேர்த்து. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அபி தட்டைக் கழுவி வைத்தாள்.

இரவு ஹாலில் என் தலையணையைக் காணோம். அறைக்குள் அவளுடையதற்குப் பக்கத்தில் கிடந்தது.

“மறுபடி போறதா இல்லையான்னு நான்தான் சொல்வேன்,” என்றாள். “அதுவரைக்கும் ஸ்டாக் சேத்து வைக்காதீங்க லா.”

ரோனி